மூட்டுத் தெரியாத சீலிங்

பின்னேரம் ஐந்து மணிக்கு மேற்குப் பக்க யன்னலால் வெயில் சரிந்து வரும்போதுதான் ஒரு சீலிங்கின் குணம் தெரியும். நண்பகலில் ஒரே மட்டமாக இருந்த வெள்ளைப் பரப்பில் வரி வரியாக நிழல் எழும்பும். நாலடிக்கு ஒரு நீள வரி, எட்டடிக்கு ஒரு குறுக்கு வரி. வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, "பாஸ், மூட்டெல்லாம் வெடிச்சிட்டுது போல" என்பார். ஏணி வைத்து ஏறிப் பார்த்தால் பெரும்பாலும் வெடிப்பு இருக்காது. இருப்பது ஒரு மில்லிமீற்றர் உயரமுள்ள மேடு. அதைத் தடவினால் கைக்குத் தட்டுப்படாது. சரிந்து வரும் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தப்பாது.

கந்தளாயில் இந்தப் பிரச்சினை புதிது. குளத்தின் அணைக்கட்டு 1986 ஏப்ரல் 20 அதிகாலை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கொண்டுபோன பிறகு எழும்பிய வீடுகளுக்கு இப்போது நாற்பது வயதளவில் ஆகிறது. அந்தக் காலத்து வீட்டில் சீலிங் என்ற ஒன்றே இல்லாமல் இருக்கும். அண்ணாந்தால் ஓடோ அஸ்பெஸ்டஸ் சீற்றோ தெரியும். வசதி இருந்தவர்கள் ஹார்ட்போட்டோ தட்டையான அஸ்பெஸ்டஸ் தகடோ அடித்து, இரண்டு தகடு சந்திக்கும் இடத்தில் ஓரங்குல மரச்சட்டம் ஒன்றை ஆணியால் அறைந்து மூடினார்கள். அதற்கும் மூட்டை மறைப்பது என்றுதான் பெயர். சட்டம் தெரியும், அதன் பின்னால் உள்ள இடைவெளி தெரியாது. தகடு விரிந்தாலும் சுருங்கினாலும் சட்டத்தின் நிழலுக்குள்ளேயே நடந்து முடியும். அழகில் குறை சொல்லலாம், வேலையில் சொல்ல முடியாது.

இப்போது வீட்டைத் திருத்துகிறவர்கள் முதலில் கேட்பது ஹோலுக்கு ஜிப்சம் சீலிங். அதில் சட்டம் இல்லை, கோடு இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை ஒரே பலகை போல இருக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஆனால் மேலே ஏறுவது ஒரே பலகை அல்ல. நாலடிக்கு எட்டடித் துண்டுகள் பத்துப் பன்னிரண்டு. அவற்றின் மூட்டுகள் தெரியாமல் போவதற்குக் கடைசியில் பூசும் கலவைதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். கலவைக்கு அதில் கடைசிப் பங்குதான். மூட்டு எங்கே விழ வேண்டும், எந்தத் திசையில் ஓட வேண்டும், எந்த மாதத்தில் பூச வேண்டும் என்ற முடிவுகளிலேயே பாதிக்கு மேற்பட்ட மூட்டு மறைந்துவிடும், அல்லது மறையவே முடியாதபடி நின்றுவிடும்.

பலகையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் மீதி எல்லாம் விளங்கும். இரண்டு தடித்த கடதாசிகளுக்கு நடுவே இறுகிய ஜிப்சம், அவ்வளவுதான் பலகை. ஜிப்சம் நமக்கு அந்நியமான கல் அல்ல. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது உப்பு விளைவதற்கு முந்தி படிவது அதுதான். சீமெந்து உடனே இறுகிவிடாமல் தடுக்கவும் நூற்றுக்கு சில பங்கு அதையே சேர்த்து அரைக்கிறார்கள். ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாகத் தண்ணீர், கல்லின் கட்டமைப்புக்குள்ளேயே சேர்ந்து கிடக்கிறது. ஏறக்குறைய 150 பாகை சூட்டில் அந்தத் தண்ணீரில் முக்கால் பங்கை விரட்டினால் மா கிடைக்கும். மாவில் தண்ணீர் விட்டால் மறுபடி கல்லாகும். பலகை தீயைச் சிறிது நேரம் தாங்குவது உள்ளே இருக்கும் அந்தத் தண்ணீரால். வெளியிலிருந்து வரும் தண்ணீரில் பலகை கெடுவது கடதாசியும் கல்லும் ஊறி இளகுவதால்.

அமெரிக்காவில் ஒகஸ்ரின் சாக்கெற் என்பவர் 1894இல் காப்புரிமை பெற்ற முதற் பலகை, மேலே சாந்து பூசுவதற்கு அடித்தளமாக இருக்கவே உருவானது. பலகைக்கு மேலே முழுவதும் பூச்சு வருமென்றால் மூட்டைப் பற்றி எவரும் கவலைப்பட வேண்டியதில்லை. பூச்சை விட்டுவிட்டுப் பலகையின் கடதாசி முகத்தையே கடைசி முகமாக வைத்துக்கொண்டபோதுதான் மூட்டு ஒரு கைவேலையாயிற்று. ஆள்கூலியையும் காயும் நாட்களையும் மிச்சம் பிடிக்க வந்த பொருள் அது. மிச்சம் பிடித்த பொறுமையில் ஒரு பங்கை மூட்டில் திருப்பிக் கேட்கிறது.

பலகைக்கு இரண்டு வகை விளிம்பு உண்டு. நீளவாட்டு விளிம்பு இரண்டையும் ஆலையிலேயே கடதாசி சுற்றி மூடி, கடைசி இரண்டங்குல அளவில் மெல்லச் சரித்து விட்டிருப்பார்கள். அப்படி இரண்டு விளிம்பு சந்தித்தால் நடுவில் ஓர் ஆழமற்ற பள்ளம் உண்டாகும். நாடாவும் கலவையும் அந்தப் பள்ளத்துக்குள் அடங்கிப் பலகை மட்டத்தோடு நின்றுவிடும். அகலவாட்டு முனைகளில் இந்தச் சரிவு இல்லை. வெட்டிய முனை, ஜிப்சம் வெளியே தெரியும், முழுத் தடிப்பு. அப்படி இரண்டு முனை முட்டும் இடத்தில் நாடாவுக்கு இறங்க இடமில்லை, மேலேதான் நிற்கும். பின்னேர வெயிலில் எழும்பும் வரிகளில் பெரும்பாலானவை இந்த முட்டு மூட்டுகள்தான்.

ஆகவே முதல் வேலை முட்டு மூட்டைக் குறைப்பது. அறை பன்னிரண்டடி நீளமென்றால் பன்னிரண்டடிப் பலகை கிடைக்குமா என்று தேடலாம். கிடைத்தாலும் அதைப் பிரதான வீதியிலிருந்து உள் ஒழுங்கைக்கு முறியாமல் கொண்டுவருவது வேறு கதை. எட்டடிப் பலகைதான் என்றால் முனைகளை ஒரே நேர்கோட்டில் விழவிடாமல், செங்கல் கட்டுவதுபோல் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரே கோட்டில் விழுந்த முட்டு மூட்டு அறையின் அகலம் முழுவதும் ஒரு வரியாக ஓடும். அதை எந்த பாஸாலும் மறைக்க முடியாது. மாற்றி வைத்தால் நாலடித் துண்டுகளாக உடைந்துபோகும், கண் அவற்றைக் கூட்டி வாசிக்காது.

அடுத்தது திசை. பெரிய யன்னலிலிருந்து வரும் வெளிச்சம் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதே பக்கம் நீள மூட்டும் ஓட வேண்டும். வெளிச்சத்தோடு ஓடும் மேட்டுக்கு நிழல் விழாது. குறுக்கே நிற்கும் மேட்டுக்கு விழும். பலகையைத் தாங்கும் தகரச் சட்டம் கட்டுவதற்கு முன், பின்னேரத்தில் ஒருமுறை அறைக்குள் நின்று பார்த்தால் போதும், செலவில்லாத வேலை. ஆனால் சட்டம் கட்டுகிறவர் சுவரின் நீளத்தைப் பார்த்துத்தான் திசையைத் தீர்மானிக்கிறார், யன்னலைப் பார்ப்பதில்லை. இப்போது சீலிங் ஓரத்தில் தாழ்வாரம் விட்டு அதற்குள் எல்.ஈ.டி. நாடா ஒளித்து வைக்கும் மோகம் வேறு. அந்த வெளிச்சம் சீலிங்கை உரசிக்கொண்டே போகிறது. பின்னேர வெயில் ஒரு மணித்தியாலத்தில் மறையும், இது இரவு முழுக்க மேட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த விளக்கு வேண்டுமென்றால் பலகை ஏறுவதற்கு முன்பே பாஸிடம் சொல்லிவிட வேண்டும்.

பலகை ஏறுவதற்கு முன் கூரை. கந்தளாய்ப் பக்கம் கூரைக்கு முதல் எதிரி குரங்கு. கூட்டமாக ஓட்டின்மேல் பாய்ந்து ஓடினால் இரண்டு ஓடாவது நகர்ந்திருக்கும். மாரி தொடங்கும் ஐப்பசியில்தான் அது தெரியவரும். மரநாய் கூரைக்குள் குடியிருந்தால் வேறு விதமான ஈரம், வேறு விதமான மஞ்சட் கறை. ஓட்டைத் திருத்தி, முகட்டை அடைத்து, ஒரு மழையைப் பார்த்த பிறகு போட்ட சீலிங்கும், கூரையை அப்படியே விட்டுப் போட்ட சீலிங்கும் முதல் வருடத்திலேயே வேறுபட்டுவிடும். ஒழுக்கு விழுந்த மூட்டில் நாடா தூக்கும். மேலே எத்தனை தடவை பூசினாலும் அடுத்த மாரியில் மறுபடி தூக்கும்.

பழைய சீலிங்கைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. தட்டையான சாம்பல் நிறத் தகடு அஸ்பெஸ்டஸாக இருக்கலாம். அதை உடைக்காமல், அறுக்காமல், தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்து முழுத் தகடாக இறக்க வேண்டும். தூசு பறக்க விடக்கூடாது, முகத்தில் கட்டும் துணி போதாது. இலங்கை அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முயன்ற 2017இல், அதை நமக்கு விற்று வந்த ரஷ்யா நமது தேயிலையை ஒரு வண்டைக் காரணம் காட்டி நிறுத்தியதும், அரசாங்கம் அந்தக் கட்டுப்பாட்டைத் தள்ளிவைத்ததும் பலருக்கு ஞாபகமிருக்கும். வியாபாரம் எப்படிப் போனாலும் நார் நுரையீரலுக்குள் போனால் திரும்பி வருவதில்லை. அமெரிக்காவில் மூட்டுக்குப் பூசும் கலவைக்குள்ளேயே ஒரு காலத்தில் அஸ்பெஸ்டஸ் கலந்தார்கள். 1977இல்தான் தடை வந்தது.

இனி மூட்டு ஏன் வெடிக்கிறது என்பது. ஜிப்சம் பலகை ஒரு பாகை சூடேறினால் ஒரு மீற்றருக்கு ஒரு மில்லிமீற்றரின் நூறில் இரண்டு பங்குக்கும் குறைவாகவே விரியும். அற்பமாகத் தெரியும். இருபதடி ஹோல், இரவுக்கும் நண்பகலுக்கும் கூரைக்கடியில் பதினைந்து பாகை வித்தியாசம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீற்றர் வரும். அஸ்பெஸ்டஸ் சீற்றின்கீழ் காற்றோட்டமில்லாத இடத்தில் அந்தளவு வித்தியாசம் வருவது பெரிய விஷயமல்ல. அதற்குமேல் ஈரம். மாரியில் ஊதுவதும் கச்சான் காற்று வீசும் காலத்தில் வற்றுவதுமாகப் பலகை ஒவ்வொரு வருடமும் ஒருமுறை போய் வருகிறது. இந்த அசைவு ஒரு மூட்டிலேயே கூடி விழுந்தால் வெடிப்பு, பல மூட்டுகளில் பகிர்ந்து விழுந்தால் ஒன்றுமில்லை. பகிர வைப்பது நாடாவின் வேலை.

நாடா இரண்டு வகை. பசையோடு வரும் கண்ணாடிநார் வலை நாடாவை ஒட்டுவது சுலபம், அதனாலேயே தளத்தில் அதுதான் அதிகம். கடதாசி நாடாவுக்குக் கலவை தடவி, நாடாவை அதில் பதித்து, கத்தியால் அழுத்தி உபரியை வழிக்க வேண்டும். கை பழக வேண்டும், காற்றுக்குமிழி நின்றால் பிறகு கொப்புளமாகத் தூக்கும். ஆனால் இழுவையைத் தாங்குவதில் கடதாசிதான் உறுதி. வலை நாடா இழுபடும். வலை நாடாவைத்தான் போடுவது என்றால் முதற் பூச்சாவது இரசாயனமாக இறுகும் கலவையாக இருக்க வேண்டும்.

கலவையிலும் இரண்டு வகை என்பதைக் கடையில் எவரும் சொல்வதில்லை. மாவாக வந்து தண்ணீர் விட்டதும் இருபது நிமிடத்திலோ தொண்ணூறு நிமிடத்திலோ இறுகுவது ஒன்று. அது ஜிப்சம், பலகையின் இனம், அதிகம் சுருங்காது, தேய்ப்பது கஷ்டம். வாளியில் குழம்பாக வருவது மற்றது. தண்ணீர் வற்றுவதால் மட்டுமே காயும், காயும்போது சுருங்கும், தேய்க்கச் சுகமானது. முதலாவதை அடிப் பூச்சுக்கும் இரண்டாவதை மேற் பூச்சுக்கும் வைப்பது நல்ல பழக்கம். நம் பக்கம் இரண்டையும் விட்டுச் சுவருக்குப் பூசும் வெள்ளைச் சீமெந்துப் புட்டியையே மூட்டுக்கும் இழுப்பவர்கள் உண்டு. அது விறைப்பானது. ஒன்றரை மில்லிமீற்றர் அசைவு வந்தால் கீறும். உறுதிக்கென்று ஜிப்சம் மாவில் ஒரு கைப்பிடி சீமெந்து கலப்பது அதைவிட மோசம். ஈரத்தில் இரண்டும் சேர்ந்து புதிய படிகம் உண்டாகி ஊதும், உறுதிக்குப் போட்ட சீமெந்தே மூட்டைத் தள்ளும்.

முட்டு மூட்டுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். பலகை ஏறு முன்னரே வெட்டிய முனைகளின் கடதாசி விளிம்பைக் கத்தியால் சாய்வாகச் சீவினால் கடதாசிப் பிசிறு மேலே எழும்பாது. சீவிய பள்ளத்தை இறுகும் கலவையால் முதலில் நிரப்பிக் காயவிட்டுத்தான் நாடா. அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் ஒரு படி மேலே போய், முட்டு மூட்டைச் சட்டத்தின்மேல் விழவிடாமல் இரண்டு சட்டங்களுக்கு நடுவில் விழவைத்து, பின்பக்கத்தில் ஒரு பலகைத் துண்டைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். சட்டம் அசைந்தாலும் மூட்டு பிரியாது. வெட்டிக் கழித்த துண்டுகளே அதற்குப் போதும். நம் பாஸ்மாருக்கு ஒருமுறை காட்டினால் இரண்டாம் முறை கேட்க வேண்டியதில்லை.

பிறகு அகலம். முட்டு மூட்டின்மேல் நாடாவும் கலவையும் சேர்ந்து ஒரு மில்லிமீற்றர் நிற்கிறது என்போம். அதை அரையடி அகலத்தில் வழித்து விட்டால் நடுவிலிருந்து இருபக்கமும் 75க்கு 1 என்ற சரிவு. இரண்டடி அகலத்துக்கு இழுத்தால் 300க்கு 1. மேடு அதேதான், உயரம் ஒரு மயிரிழையும் குறையவில்லை. சரிவு நீண்டுபோனதால் நிழலின் விளிம்பு கலைந்துவிடுகிறது. மூட்டை மறைப்பது என்பதன் முழு இரகசியமும் இந்தக் கணக்குத்தான். ஆகவே முட்டு மூட்டை இரண்டடிவரை இழுக்க வேண்டும். சரிந்த விளிம்பு மூட்டுக்கு முதற் பூச்சு நாலங்குலம், அடுத்தது எட்டு, கடைசி ஓரடி போதும். கஞ்சத்தனமாக ஒடுக்கி, தடிப்பாகப் பூசுவதுதான் பொதுவான பிழை. மெல்லியதாக, அகலமாக, மூன்று தடவை என்பது சரி. ஸ்க்ரூத் தலைகளுக்கும் அப்படியே. தலை கடதாசியைக் கிழிக்காமல் மட்டத்துக்குச் சற்றே உள்ளே அமுங்கியிருக்க வேண்டும். கிழித்தால் பிடி விட்டுப்போகும், பக்கத்தில் இன்னொன்று அடிக்க வேண்டியதுதான்.

ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகுதான் அடுத்தது. கந்தளாயில் எல்லாம் சிக்குவது இங்கேதான். பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் வருகிறது. நெல் விற்ற காசு கையில், சித்திரைப் புத்தாண்டு முன்னால். வீட்டு வேலை எல்லாம் அந்த இடைவெளிக்குள் நெருக்குகிறது.

"பாஸ், வருசத்துக்கு முதல் பெயின்ற் அடிச்சு முடிச்சுத் தருவீங்களா?"

"முடிச்சிடலாம் ஐயா, பயப்பிடாதீங்க."

காலையில் ஒரு பூச்சு, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று. மேலே தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம். புத்தாண்டுக்கு வந்தவர்களுக்குச் சீலிங் கண்ணாடி மாதிரித் தெரியும். வைகாசியில் உள் ஈரம் வற்றிக் கலவை சுருங்க, மூட்டு நெடுக மெல்லிய பள்ளம் விழும். நியாயமாகச் சொன்னால் காலம் தப்பில்லை. மாசியும் பங்குனியும்தான் இந்த வேலைக்கு நல்ல மாதங்கள், மாரி ஓய்ந்திருக்கும், கச்சான் தொடங்கியிருக்காது. அவசரம்தான் தப்பு. பூச்சுக்கு ஒரு நாள் விட்டால் மூன்று நாள், அவ்வளவே. கார்த்திகை, மார்கழியில் செய்ய நேர்ந்தால் ஒரு நாள் போதாது, வாளிக் கலவை காய்வதற்குப் பல நாள் எடுக்கும். அப்போது இறுகும் கலவையே கைகொடுக்கும். ஆடிக் கச்சானில் நிலைமை தலைகீழ். யன்னலைத் திறந்துவிட்டு, மின்விசிறியையும் சுழலவிட்டால் மேற்பரப்பு அரை மணித்தியாலத்தில் காய்ந்து விளிம்பில் மயிர்க்கீறல் விழும். காற்று வரும் பக்க யன்னலைச் சாத்தி, அதிகாலையில் பூசிவிட வேண்டும்.

தேய்ப்பது குறைவாக இருந்தால் பூசியவர் கெட்டிக்காரர். முரட்டுச் சாண்ட் பேப்பரால் தேய்த்தால் பக்கத்துக் கடதாசி மயிர் எழும்பி நிற்கும், பெயின்றுக்குப் பிறகும் தெரியும். 150ஆம் இலக்கத்துக்கு மேற்பட்ட மெல்லிய தாள், அல்லது வாளிக் கலவைக்கு ஈரப் பஞ்சு. பஞ்சால் தூசும் பறக்காது. நாள் முழுவதும் அண்ணாந்து அந்தத் தூசை விழுங்குவது பாஸும் உதவிக்கு வந்த பையனும்தான். முகமூடி வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரரின் செலவாக இருக்கட்டும். தேய்த்த பிறகு யன்னலைச் சாத்தி, கைபேசி டோர்ச்சைச் சீலிங்கோடு ஒட்டிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பின்னேர வெயில் காட்டப்போகும் எல்லாவற்றையும் அது இப்போதே காட்டும். குறையைப் பென்சிலால் வட்டமிடலாம். பேனாவால் கூடாது, மை பெயின்றுக்கு மேலால் ஊறி வரும்.

மேடும் இல்லை, வெடிப்பும் இல்லை, ஆனாலும் வரி தெரிகிறது என்றால் அது பெயின்ற் உறிஞ்சும் வித்தியாசம். கடதாசி ஒரு விதமாக உறிஞ்சும், காய்ந்த கலவை வேறு விதமாக. ஒரே பெயின்ற் இரண்டிலும் இரண்டு மினுக்கம் எடுக்கும். முழுப் பரப்புக்கும் முதலில் சீலர் ஒன்று அடித்தால் இது தீரும். வட அமெரிக்காவில் மூட்டு முடிப்பை 0 முதல் 5 வரை படி பிரித்திருக்கிறார்கள். ஐந்தாம் படியில் மூட்டோடு நிறுத்தாமல் சீலிங் முழுவதற்கும் மெல்லிய தோலாகக் கலவை இழுக்கிறார்கள். உரசும் வெளிச்சமும் மினுங்கும் பெயின்றும் உள்ள இடத்துக்கு அது. மினுக்கமில்லாத பெயின்றைத் தெரிந்தெடுத்தால் நம் வீட்டு ஹோலுக்கு அதற்கு முந்திய படியே தாராளம்.

ஒரு மூட்டை மட்டும் மறைக்கக் கூடாது. சீலிங் சுவரைத் தொடும் சுற்றுவட்டம் அது. சுவர் செங்கல்லும் சீமெந்தும், சீலிங் தகரச் சட்டத்தில் தொங்குவது. இரண்டும் ஒரே தாளத்தில் அசையாது. அங்கே கலவையால் இறுக்கிப் பூசினால் முதல் மாரியிலேயே பிரியும். பலகையைச் சுவரிலிருந்து சில மில்லிமீற்றர் விலக்கி நிறுத்தி, ஒரு கோர்னிஸ் வைத்து, அதையும் ஒரு பக்கம் மட்டும் பிடிக்கவிட வேண்டும், அல்லது நிழல் இடைவெளியாகவே விட்டுவிட வேண்டும். முப்பதடிக்கு மேற்பட்ட மண்டபத்தில் நடுவிலும் இப்படி ஓர் அசைவு இடைவெளி தேவைப்படலாம். கல்யாண மண்டபம், வகுப்பறை கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பழைய மரச்சட்டம் செய்த வேலையையே இந்த இடைவெளியும் செய்கிறது.

ஏற்கெனவே வெடித்துப்போன சீலிங்குக்கு மேலால் புட்டி இழுப்பதால் பயனில்லை. கீறல் ஒரு மாரியையும் ஒரு கச்சானையும் கடந்து எவ்வளவு திறந்து மூடுகிறது என்று பார்த்த பிறகு தொடுவது நல்லது. முதலில் அந்த இடத்தைக் கையால் தள்ளிப் பார்க்க வேண்டும். பலகை அசைந்தால் கீறலின் இருபக்கமும் சட்டத்தில் புதிய ஸ்க்ரூ. அசையாவிட்டால் பழைய நாடாவை வெட்டி உரித்து, பள்ளத்தைத் துப்புரவாக்கி, இறுகும் கலவை, கடதாசி நாடா, பிறகு இரண்டடி அகலத்துக்கு மூன்று மெல்லிய பூச்சு. அரையடிக் கீறலுக்கு இவ்வளவு அகலமா என்று வீட்டுக்காரர் கேட்பார். பெயின்றும் அந்த மூட்டோடு நிற்காது, சுவரிலிருந்து சுவர்வரை அடித்தாக வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது, கூலி பேசும்போது.